எண்பது மில்லி தண்ணீர்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உறையைப் பிரித்ததும் அந்த அச்சடித்த தாள்தான் முதலில் கையில் வந்திருக்கும். மருத்துவமனை முத்திரையைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. அதைப் பிறகு படி, இதை முதலில் படி.

பதினோரு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டா இருந்தாய் என்று கேட்பாய். ஆமாம், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என் பிழைப்பே எண்ணுவதுதானே. ஒரு வாய் கஞ்சியை ஒருவர் எத்தனை தடவையில் விழுங்குகிறார், எத்தனை தடவை இருமுகிறார் என்று நாள் முழுக்க எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தால் மாடிப்படியைக்கூட எண்ணித்தான் ஏறுகிறேன். ஆகையால் கடிதம். இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் திடீரென்று எழுதுகிறாளே என்று நீ நினைப்பது நியாயம்தான்.

போன மாதம் எங்கள் பிரிவுக்கு ஒரே குடும்பத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஓர் அண்ணன், அவருடைய தங்கை, அவர்களுடைய சித்தப்பா. மூன்று பேருக்கும் சாப்பாடு தொண்டையில் நிற்கிறது. வெளியே நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி முகவாயை உயர்த்தி, எதிர்ச்சுவரின் மேல்பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. தலையை நிமிர்த்தினால்தான் அவர்களுக்கு எதிரில் இருப்பது தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்தை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எடுத்தது, ஐம்பது வயதில். பிறகு அறுபதில் எடுத்தது. பிள்ளைகள் அப்பாவுக்கு 'வானம் பார்த்த வாத்தியார்' என்று பெயர் வைத்தது உனக்கு நினைவிருக்கும். நாமும் சேர்ந்துதானே சிரித்தோம்.

இது தசை மெலிந்துபோகிற ஒரு நோய். லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். முதலில் இமையையும் தொண்டையையும் பிடிக்கும், நாற்பது வயதுக்கு மேல்தான் தலை காட்டும். அப்பாவுக்கு இருந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். முதுமை என்று எழுதி மூடிவிட்டோம். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி. உனக்கு நாற்பத்தாறு.

வா, பார்த்துவிடலாம். வர மனம் இல்லையென்றால் வீட்டிலேயே ஒன்று செய். நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் எண்பது மில்லி எடு. எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகக் குடி. யாரையாவது கடிகாரம் பார்க்கச் சொல். ஏழு விநாடிக்கு மேல் ஆனால் எனக்கு எழுது. ஆகாவிட்டாலும் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 21

மரியாதைக்குரிய தொண்டைப் பிரிவு அம்மையாருக்கு,

தங்கள் மேலான கடிதமும் இருபத்தெட்டுக் கேள்விகள் அடங்கிய தாளும் கிடைத்தன. 'உணவு உண்பதில் தங்களுக்கு மகிழ்ச்சி குறைந்துள்ளதா?' என்பது ஒன்பதாவது கேள்வி. கடிதம் வரும்வரை குறையவில்லை.

போதும், எனக்கு இந்த மரியாதையெல்லாம் வராது. அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். சின்ன வயதில் உன் தட்டையும் சேர்த்து வழித்துவிட்டு ஓடுவேனே, அந்த அவசரம்தான் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நிதானமாக உட்காருகிறேன். ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுப் பாலில் ஊறவைத்துத் தின்கிறேன். பிஸ்கட்டை விட்டுவிட்டேன், பல் கூசுகிறது. வயதாகிறதல்லவா, வேறென்ன. தையல் பட்டறையிலும் என் மதிப்பு கூடித்தான் இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் ஆனதிலிருந்து தலைநிமிர்ந்தே நடக்கிறேனாம். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண்கள் எனக்குத் 'துரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். எழுத உனக்கு எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை. அவர் போன மூன்றாம் நாள், கூடம் நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் காப்பி டம்ளர். நீ சன்னல் பக்கம் நின்றுகொண்டு சொன்னாய். "நீ அவசரப்பட்டு ஊட்டியிருப்ப. ரிப்போர்ட்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." உன் குரல் பெரிதாகக்கூட இல்லை. ஆனால் கூடத்தில் ஒரு டம்ளரும் அசையவில்லை. பெரியப்பா மகன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏழு மாதம் நான் ஊட்டினேன். மாதத்துக்கு ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்தவள் நீ.

ஆகவே எனக்குச் சோதனை வேண்டாம். போனும் வேண்டாம். எழுத வேண்டுமென்று இருந்தால் எழுது, தபால்காரரைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பி,

பழி சொன்னது பற்றி எழுத வேண்டும். எழுதுவேன். இன்று முடியாது. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவை கிழித்தேன்.

இப்போது வேறு ஒன்று. உன் கடிதத்தை நான் வேலை செய்கிற கண்ணோடு படித்தேன், மன்னித்துக்கொள். எல்லோரும் எழுந்த பிறகு ஏன் சாப்பிடுகிறாய்? இருமினால் யாரும் பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே. ரொட்டியின் ஓரம் உனக்குப் பிடிக்கும். அதற்காக நாம் சின்ன வயதில் அடித்துக்கொண்டோம். இப்போது அதை வெட்டி எறிகிறாய் என்றால் அது இறங்கவில்லை. பிஸ்கட்டுக்குப் பல்லைக் குறை சொல்கிறாய். பல் கூசுகிறவன் பிஸ்கட்டையா விடுவான், குளிர்ந்ததையும் இனிப்பையும் அல்லவா விடுவான். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெருமையாகத் துரைப் பட்டத்தையும் எழுதியிருக்கிறாய்.

அப்பாவுக்கு வானம் பார்த்த வாத்தியார், உனக்குத் துரை.

நோயே இல்லாமலும் இருக்கலாம். கழுத்து வலியாக இருக்கலாம், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம். அதைத்தானே பார்க்கலாம் என்கிறேன். நீ என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்.

அக்கா

*

மார்ச் 10

அக்கா,

நீ தையல்காரியாகப் போயிருக்க வேண்டியவள். ஒரு நூல் பிரிந்திருந்தால் போதும், இழுத்து இழுத்துச் சட்டையையே பிரித்துப் போட்டுவிடுகிறாய்.

சரி, குடித்தாயிற்று. நேற்றுச் சாயங்காலம் வாலுதான் கடிகாரம் பிடித்தாள். எண்பது மில்லி அளக்க அவளுடைய இருமல் மருந்து மூடி எடுத்து எட்டு தடவை ஊற்றினோம். அவள் "ரெடி, ஸ்டார்ட்" என்றாள். ஐந்து விநாடி. உன் ஏழுக்கு இரண்டு குறைவு. "அப்பா பாஸ்" என்று கத்திவிட்டுப் படிக்கப் போனாள். பதினேழு வயதாகிறது, கழுதைக்கு இன்னும் விளையாட்டு போகவில்லை.

இனி இந்தப் பேச்சை விடு. நீ குடித்துப் பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே. பாதிக்குப் பாதி என்றால் உனக்கும்தானே.

பட்டறையில் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. நானூறு கால்சட்டை. நிற்க நேரமில்லை, உட்காரவும் நேரமில்லை.

தம்பி

*

மார்ச் 16

தம்பி,

நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் எண்ணுக்கு இல்லை, உன் மனைவி எண்ணுக்கு. அவளும் நானும் இரண்டு வருஷம் கழித்துப் பேசினோம். அவள் அழுதாள், நானும் கொஞ்சம். பிறகு சும்மா பேச்சுக்கு, தண்ணீர்ச் சோதனையில் வாலு அப்பாவைப் பாஸ் போட்டாளாமே என்றேன்.

"வாலு பதினஞ்சு நாளா வீட்லயே இல்லையே அண்ணி. பந்தாட்டக் கேம்புக்குப் போயிருக்கா" என்றாள்.

அந்தச் சமயத்தில் நீ உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டாய். ஒரே ஒரு சொல். இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். உன் குரலில் தண்ணீர் இருந்தது. சாப்பிட்டது முழுக்க இறங்காமல் குரல்வளை மேலேயே தங்கினால் அப்படிக் கொழகொழவென்று கேட்கும். சோதனையின்போது ஒவ்வொரு வாய்க்கும் பிறகு 'ஆ' சொல்லச் சொல்வது இதைக் கேட்கத்தான். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குச் சோதனை செய்த நாளில் நீயும் அறைக்கு வெளியே இருந்து கேட்டாய். வரும் வழியில் எதற்கு ஆ என்று விசாரித்தாய், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இதற்குத்தான் நீ போனை எடுக்கவில்லை. கோபத்தால் என்று நினைத்து நான் ஒவ்வொரு தடவையும் அழுதேன். கோபம் மட்டும் இல்லை. நீ ஓர் 'அலோ' சொன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

எவ்வளவு நாளாக இருக்கிறது? அதை மட்டும் எழுது.

அக்கா

*

மார்ச் 19

என் வீட்டுக்குப் போன் செய்து என் பெண்டாட்டியிடம் என்னைப் பற்றித் துப்புத் துலக்குகிற வேலை வேண்டாம். நான் உன் நோயாளி இல்லை. அவள் இப்போது நான் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் எதிரில் உட்கார்ந்து என் தொண்டையைப் பார்க்கிறாள். நிம்மதியாக இருந்த வீடு.

கடிதமும் வேண்டாம்.

*

ஏப்ரல் 2

தம்பி,

வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பிறகு நீயாக எழுதும்வரை எழுத மாட்டேன்.

அப்பாவை எக்ஸ்ரே அறையில் உட்காரவைத்து நான்தான் சோதித்தேன் என்பது உனக்குத் தெரியும். உள்ளே நடந்தது தெரியாது. அந்தச் சோதனையில் வெள்ளைக் குழம்பு கலந்த தண்ணீரும் கஞ்சியும் பிஸ்கட்டும் கொடுப்போம். விழுங்கும்போது தொண்டை திரையில் ஓடும். எக்ஸ்ரேக்காரர் கால்மிதியை அழுத்திக்கொண்டிருக்கும்வரை படம் தெரியும், காலை எடுத்தால் நின்றுவிடும். கதிர்வீச்சு அதிகம் போகக் கூடாது என்பதற்காக அவர் விட்டு விட்டு அழுத்துவார். எப்போது அழுத்த வேண்டும், எப்போது போதும் என்று கை காட்டுவது நான்.

வழக்கமாக ஒன்பது வாய். தசை நோய் சந்தேகம் என்றால் இன்னும் அதிகம். முதல் சில வாய் எல்லோருக்கும் நன்றாகத்தான் போகும். தசை களைத்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன்.

அப்பா அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகள் வேலை செய்கிற இடமாயிற்றே. என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வந்து வணக்கம் சொன்னார்கள். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, நான் கொடுத்ததைச் சமர்த்தாக விழுங்கிக் காட்டினார். நாலு வாய். திரையில் அழகாக இறங்கியது. அடியில் ஓரமாகக் கொஞ்சம் தங்கினாற்போல் இருந்தது. எக்ஸ்ரேக்காரர் கேட்டார், "இன்னும் ரெண்டு வாய் பாத்துடலாமா மேடம்?" நான் சொன்னேன், "போதும் சார். எங்க அப்பா."

அப்பாவுக்கு எதற்கு வீண் கதிர்வீச்சு என்று நினைத்தேன். அவர் வயதுக்கு அந்தக் கதிர்வீச்சு ஒன்றுமே செய்யாது. வேறு யாராக இருந்தாலும் ஒன்பது வாயும் கொடுத்திருப்பேன். அப்பா என்பதால் நாலோடு விட்டேன். அவர் எழுந்து கதவுவரை போனார். அங்கே நின்று இருமினார். "சுண்ணாம்பு மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தார். நான் உட்கார்ந்து 'மென்மையான உணவு, பாதுகாப்பு' என்று எழுதினேன்.

நீ அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தாய். பாதித் தட்டுக்கு மேல் இருமுகிறார், களைத்துப்போகிறார் என்றாய். ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, நீ வேகமாக ஊட்டுகிறாய் என்றேன். மூன்றாம் நாள் கூடத்தில் அதையே எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

போன மாதம் அந்தப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. கடைசிப் படத்தில், விழுங்கியது தொண்டையில் தங்கியது தெளிவாகத் தெரிகிறது. பார்க்கத் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும்.

பெரியப்பா மகனுக்கும் அத்தைக்கும் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது என்று. உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 26

அக்கா,

படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் நோய் கண்டுபிடிக்காதே.

உன் கடிதம் வந்த அன்றே கிழித்தேன். நாலு துண்டாக. அப்புறம் உட்கார்ந்து ஒட்டினேன். கட்டிங் மாஸ்டர்தானே, வெட்டவும் தெரியும் ஒட்டுப்போடவும் தெரியும். ஒட்டியதும் மறுபடி கோபம் வந்தது. இரண்டு வருஷம், அக்கா. கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. சாவு வீட்டுக்குப் போகவில்லை. வாலுவுக்கு ஜுரம் வந்தபோது மருந்து ஊட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. இதையெல்லாம் நீ இரண்டு பக்கத்தில் எழுதி உறையில் போட்டு அனுப்பிவிட்டாய். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பொய்யாக எழுத இஷ்டமும் இல்லை.

அதற்கு ஐந்து நாள் கழித்துப் பட்டறையில் பொத்தான் தைக்கிற பெரியவருக்கு வழியனுப்பு. எல்லோரும் ஒரே மேசையில். நழுவ முடியவில்லை. முட்டை வைத்த ரொட்டி. எதிரே இருந்தவர் ஏதோ கதை சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன், அந்த நேரம் பார்த்து விழுங்கினேன். அடைத்துக்கொண்டது. முதுகில் எத்தனை பேர் அடித்தார்கள் என்று தெரியாது. வெளியே வந்துவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் ஜுரம். நெஞ்சில் சளி என்று மருத்துவமனையில் படுக்கவைத்துவிட்டார்கள். ஆறு நாள்.

நாலாம் நாள் காலை நர்ஸ் சொன்னாள். நான் தூங்கும்போது ஓர் அம்மா வந்தார்களாம். நாற்காலியில் உட்காரவில்லையாம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். "யாரு சார் அவங்க, பிஸ்கட் திருடுறாங்க" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. என் பெண்டாட்டி சொல்லி அவ்வளவு தூரம் வந்தவள் எழுப்பியிருக்கலாம். எழுப்பாமல் போனதும் நல்லதுதான். எழுப்பியிருந்தால் கத்தியிருப்பேன்.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டாய். மூன்று வருஷம்.

கணக்குப் போட்டிருப்பாய். ஆமாம், அப்பாவுக்கு ஊட்டிய ஏழு மாதமும் எனக்கு இருந்தது. அதனால்தான் மெதுவாக ஊட்டினேன். அவருக்கு எந்த வாயில் களைப்பு வரும் என்று எனக்குத் தெரியும், என் தொண்டையும் அதே இடத்தில் களைக்கும். ஒரு வாய் அவருக்கு, நிறுத்தி ஒரு வாய் எனக்கு என்று சாப்பிடுவோம். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினோம். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் கஞ்சியைப் பற்றிப் பேசினோம். அன்றைக்கே உனக்குப் போன் செய்து, அக்கா, எனக்கும் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ குடும்ப நோய் என்று அப்போதே பிடித்திருப்பாய். சொல்லவில்லை. உன் நாலு வாயோடு இதையும் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. சாப்பிடும்போது பேசக் கூடாது என்று அப்பா நம்மை அதட்டுவாரே. தட்டைவிட்டுத் தலையைத் தூக்க மாட்டார். அம்மா அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை தடவை உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள். அவருக்குப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்க வேண்டும், விழுங்க வேண்டுமானால் தாழ்த்த வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும். அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்திருக்கிறார். நான் அந்த வழியனுப்பு அன்று மறந்துவிட்டேன்.

தண்ணீரைக் குடித்தது உண்மை. குளியலறையில், இருமல் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக் குடித்தேன். முப்பத்தொரு விநாடி. நடுவில் மூன்று தடவை நிறுத்தினேன்.

ஏன் வரவில்லை என்றால் பயம்தான். எனக்காக இல்லை. எனக்கு இருக்கிறது என்று நீ முத்திரை குத்திக் கொடுத்தால் அதே தாளில் வாலுவுக்கும் பாதி எழுதினாற்போல் ஆகிவிடுமே. தெரியாமல் இருக்கிறவரை அவள் வெறும் பந்தாட்டக்காரி.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. உனக்கு இருக்கிறதா?

தம்பி

*

மே 3

தம்பி,

எனக்கு இல்லை.

ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின வாரம். தண்ணீரும் குடித்தேன். நாலு விநாடி. தினமும் காலையில் இன்னும் குடித்துப் பார்க்கிறேன், கூடட்டும் என்று காத்திருப்பவள் மாதிரி. உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரே தகப்பனுக்குப் பிறந்து, பழியையும் உன் தலையில் போட்டு, நோயையும் உன்னிடம் விட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டாற்போல் இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் இருக்கிறது.

நீ மூன்று வருஷம் சொல்லாமல் இருந்ததைப் படித்துக் கோபப்பட முயன்றேன். நீயும் அப்பாவும் சேர்ந்து இருமிய இடத்தில் நின்றுவிட்டேன். அதைத் தாண்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

வாலுவைப் பற்றி. அவளுக்கு இப்போது யாரும் ரத்தச் சோதனை செய்ய மாட்டார்கள். வயது வந்த பிறகு அவளே தெரிந்துகொள்ள விரும்பினால்தான். விரும்பாமலும் இருக்கலாம், அது அவள் உரிமை. உன் தாளில் அவள் பெயர் இருக்காது. ஆனால் நீ இப்படியே இருந்து அப்பா மாதிரி நெஞ்சில் சளி கட்டிப் போனால், ஒருநாள் அவளுக்குத் தொண்டையில் நின்றால் அவளும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் குடிப்பாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதைத்தானே இந்த வீட்டில் பார்த்திருப்பாள்.

நோய் குணமாகும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இமையைத் தூக்கிக் கட்ட அறுவை இருக்கிறது. தொண்டையின் அடியில் இறுகியிருக்கும் வளையத் தசையைத் தளர்த்தவும் வழி இருக்கிறது. எது இறங்கும், எது இறங்காது, எத்தனையாவது வாயில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் நீ மேசையில் எல்லோரோடும் சாப்பிடலாம். அதற்கு உன் தொண்டையைப் பார்த்தாக வேண்டும்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு எழுதிவைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற பெண் பார்ப்பாள். என்னைவிடச் சின்னவள், நிதானமானவள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். சொந்த மனிதர்களைப் பார்க்க என் கை லாயக்கில்லை.

அக்கா

*

மே 11

அக்கா,

பதினெட்டுக்கு விடுப்புச் சொல்லியாயிற்று. முதலாளி எதற்கு என்றார். தலைக்கனத்தைக் குறைக்கப் போகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, நல்ல விஷயம்தான் என்றார்.

வாலுவிடம் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உன் முதல் கடிதத்தையே கொடுத்தேன். படித்தாள். எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து, அதே இருமல் மருந்து மூடியால் எட்டு தடவை அளந்து, என் முன்னால் குடித்தாள். மூன்று விநாடி. "உங்க ரெக்கார்டை உடச்சிட்டேன்பா" என்றாள். பதினேழு வயதில் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், கடிதத்தில் நாற்பது என்று எழுதியிருக்கிறாயே. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் அம்மாவும் மகளும் நானும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். அவர்கள் பேசினார்கள்.

உன் ஏற்பாட்டில் ஒரு மாற்றம். அந்தச் சின்னப் பெண் வேண்டாம். நீ பார். உன் கை லாயக்கில்லை என்று நீயே தீர்ப்பெழுதி வெளியே உட்கார்ந்துகொண்டால், அப்பாதான் நம் வீட்டில் நீ பார்த்த கடைசி ஆள் என்றாகிவிடும். அப்படி விடக் கூடாது. ஆனால் ஒன்பது வாயும் கொடுக்க வேண்டும். பத்தாவதும் கொடு, களைக்கிறவரை கொடு. எக்ஸ்ரேக்காரர் இன்னும் பார்க்கலாமா என்று கேட்டால் பார்க்கலாம் என்று சொல். நான் இருமினாலும் கை காட்டாதே. நான் சமர்த்தாக விழுங்கிக் காட்ட மாட்டேன், சலவைச் சட்டையும் போட்டுக்கொண்டு வர மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று இன்னும் எழுத வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.

பதினெட்டுவரை காத்திருக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் செய்கிறேன். பக்கத்தில் பேனாவும் தாளும் வைத்துக்கொள். நீ எடுத்ததும் நான் பேச மாட்டேன், பயந்துவிடாதே. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். விழுங்கி முடித்ததும் 'ஆ'வுக்குப் பதில் அக்கா என்று கூப்பிடுகிறேன்.

எப்படிக் கேட்கிறதோ, அப்படியே எழுதிக்கொள்.

தம்பி